காணாமல் போன மூன்றாவது பானை

போன மாதம் மட்டும் பதினொரு பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எல்லோரும் தொலைக்காட்சித் தொடர்களில் உதவி இயக்குநர்களாக வேலை பார்க்கிறவர்கள். ஏழு பேர் மரியாதையாகக் கேட்டார்கள். மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். ஒரு பையன் மட்டும், "ஐயா, அந்தப் பானைய ஆட்டையப் போட்டது யாரு, நீங்களா?" என்றான். அன்று எனக்கு மூட்டுவலி வேறு. பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, பதினொரு பேருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட உதவி இயக்குநர்கள் சேர்ந்து நடத்தும் இந்த இதழில் ஒரே தடவை எழுதிவிடுவது தொண்டைக்கு நல்லது என்று பட்டது.

விஷயம் இதுதான். பல வருடங்களுக்கு முன்பு நாங்கள் எடுத்த ஒரு பொங்கல் சிறப்பு நாடகத்தை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். விளம்பரம் போக ஒன்றரை மணி நேரம் ஓடும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர், குடும்பத்தோடு பொங்கலுக்கு அப்பா வீட்டில் கூடுகிறார்கள். கூடின இடத்தில் பழைய சண்டை புதிதாகக் கிளம்புகிறது. அம்மா உயிரோடு இல்லை. கதை அவ்வளவுதான். அதில் ஒரு காட்சியில் முற்றத்தில் இரண்டு அடுப்பு, இரண்டு பானை. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது அடுப்பும் மூன்றாவது பானையும் வருகின்றன. அடுத்த காட்சியில், எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, மறுபடி இரண்டுதான். மூன்றாவதைக் காணோம். இதை வட்டம் போட்டுக் காட்டி, "இந்தக் கண்டினியூட்டி பார்த்த புண்ணியவான் யார்?" என்று ஒருவர் எழுத, அதன் கீழே வரிசையாகச் சிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் புண்ணியவான் நான்தான். பெயர் தங்கவேல். அருப்புக்கோட்டைக்காரன். இங்கே கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்குப் போய், முதலில் ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்தேன். படப்பிடிப்புக்கு ஏதோ கொடுத்துவிட்டு வரப் போன இடத்தில், "காலையில் அந்தம்மா கையில் ஆறு வளையல், இப்போது ஐந்து" என்று கேட்காமலே சொன்னேன். அதிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். இருவரும் சத்தம் போடுகிறவர்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெளியே இருப்பவர்களுக்காக இந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாடகத்தைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. சாவு முதல் நாள் எடுக்கப்படும், கல்யாணம் மூன்றாம் நாள். ஒருவர் தண்ணீர் குடிக்கும் காட்சியின் முன்பாதியைக் காலையிலும் பின்பாதியைச் சாயங்காலமும் எடுப்பார்கள். டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார், பின்னால் கொடியில் எத்தனை துணி தொங்கியது என்று ஒருவன் பார்த்து வைக்க வேண்டும். அந்த ஒருவன் நான். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, படம் எடுத்து ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். எனக்கு நோட்டும் பேனாவும்தான். யாரும் என்னை விரும்பியதில்லை. தலை சீவிக்கொள்ளப் போகும் நடிகையிடம் போய், "வேண்டாம்மா, இடது பக்கம் கலைந்தே இருக்கணும்" என்று சொல்கிறவனை யாருக்குப் பிடிக்கும்?

டைரக்டர் வேதவல்லி அம்மாவுக்குப் பிடித்தது. அவருடன் ஒன்பது நாடகங்கள் வேலை பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கேமராவுக்கு அடியில், நடிகர்களின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்காருவார். 'கட்' என்று சொல்லவே மாட்டார். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் முடிந்தது என்று பொருள். கேமராமேன் ஒரு கண்ணால் காட்சியையும் இன்னொரு கண்ணால் அந்தக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடி இறங்காதவரை என்ன நடந்தாலும் கேமரா நிற்கக் கூடாது. வேறு இடத்தில் வசனம் தப்பினால் உடனே நிறுத்தி, எல்லோரும் பெருமூச்சு விட்டு, ஒப்பனைக்காரர் ஓடிவந்து என்று ஒரு சந்தையே கூடும். இங்கே தப்பினாலும் ஓடும். தப்புக்குப் பிறகு மனுஷர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதில் அம்மாவுக்கு ஆர்வம்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் நடிகரைப் பக்கத்தில் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்பார். எங்கிருந்து வர்றீங்க, எதுக்கு வர்றீங்க, கையில என்ன இருக்கு. அழணும், கோபப்படணும் என்றெல்லாம் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தப் பெரிய நடிகராக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் கேமரா முன்னால் வர முடியாது. ஒரு தடவை ஒருவர், "கையில ஒண்ணுமில்ல மேடம், கோபம்தான் இருக்கு" என்றார். "கோபத்தை எந்தக் கையில வெச்சிருக்கீங்க? தங்கவேல் எழுதிக்கணும்" என்றார் அம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை.

பொங்கல் நாடகத்தை எடுக்க வீடு தேடியபோது, எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பழைய முற்றத்து வீடு இருப்பதை நான்தான் சொன்னேன். பிறகு அதற்காகவும் கவலைப்பட்டேன். கார்த்திகை மாதம், மழை வந்தால் கரிசல் மண்ணில் வேன் சிக்கிக்கொள்ளும். மழை வரவில்லை. வேறு தொல்லை வந்தது. கரும்பு. அந்தப் பக்கத்தில் ஏது கரும்பு? மதுரையிலிருந்து பஸ் மேலே போட்டுப் பன்னிரண்டு கரும்பு கொண்டு வந்தோம். முதல் நாள் மதியம் எண்ணினால் ஒன்பது. யூனிட் ஆட்கள் கடித்துத் துப்பிய சக்கை மட்டும் இருந்தது. மீதி ஒன்பதையும் கட்டி என் அறைக்குள் வைத்துப் பூட்டினேன். ஷாட்டுக்கு ஷாட் நானே எடுத்துக் கொடுத்து நானே வாங்கி வைத்தேன். இதை வைத்தும் கேலிதான்.

அப்பாவாக நடிக்க அம்மா தேர்ந்தெடுத்தவர் சோலையப்பன். அந்தக் காலத்தில் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் நாடகங்களில் ராஜபார்ட் போட்டவர். திருச்சுழிப் பக்கம் அவர் பாட்டுக்குச் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். எழுபது வயது தாண்டியிருந்தார். பார்க்க அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் போல இருந்தார். முதல் நாள் எடுத்தது சாப்பாட்டுக் காட்சி. கதையில் அது கடைசியில் வரும். அப்பாவுக்கு அதில் வசனம் இல்லை. இரண்டு மகன்களுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அருமையாகச் செய்தார். பின்னால் முற்றத்தில் இரண்டு அடுப்பு, இரண்டு பானை, ஆறு செங்கல். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிந்துவிட்டால் அடுப்பும் பிரிந்துவிடும். ஒரே முற்றத்தில் நின்றாலும் அண்ணன் வீட்டுப் பொங்கல் வேறு, தம்பி வீட்டுப் பொங்கல் வேறு. கதையிலும் அப்படித்தான். மூத்த மருமகள் ஒரு பானை, இளைய மருமகள் ஒரு பானை. இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, அப்பா முற்றத்தில் இறங்கி வந்து ஒரு பக்கத்துக்கு வசனம் பேச வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இப்படி இருக்கலாமா, உங்கள் அம்மா இருந்தால் தாங்குவாளா என்று போகும். நாடகத்தின் முதுகெலும்பே அந்தக் காட்சி என்று சேனலில் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாம் நாள் அது.

சோலையப்பனுக்கு வசனம் நிற்கவில்லை.

மூன்றாவது வரி வரை போவார். அங்கே நின்றுவிடும். பழைய நாடகப் பாட்டுகளை இரவு முழுக்கச் சொல்லக்கூடியவருக்கு இந்தப் புதுப் பக்கம் ஏறவில்லை. நான்காவது டேக்கில் பந்தல்குடிக்குப் போகிற லாரி ஒன்று வழி தவறி வந்து ஹார்ன் அடித்தது. அதைச் சாக்காக வைத்துத் தப்பித்தோம். ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் அவர் தப்பியதுதான். ஒன்பதாவது டேக்கில் மூன்றாவது வரியில் நின்றவர், அப்படியே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

சேனலிலிருந்து வந்திருந்த அதிகாரி ரகுராமன் கெட்டவர் இல்லை. வேலையைச் சரியாகப் பார்க்கிறவர். முந்தின நாள் ஒத்திகையிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், நான் மதுரைக்குப் போன் பண்ணிட்டேன். இன்னொரு ஆர்ட்டிஸ்ட் கிளம்பிட்டார். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவார். அவரை வெச்சு முதல்லேர்ந்து எடுத்துடலாம்."

"என்னைக் கேக்கலையே" என்றார் அம்மா.

"கேட்டா வேண்டாம்னு சொல்வீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா வர்ற ஷாட் இதுவரைக்கும் எத்தனை எடுத்திருக்கோம்?" என்றார்.

இருபத்து மூன்று என்றேன். அது பெரிய எண் என்று நினைத்தேன். கேட்டதும் மனுஷர் பின்வாங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "திரும்ப எடுக்க ரெண்டு நாள். தாங்கும்" என்றார். என் எண்ணிக்கை யாரையும் காப்பாற்றவில்லை.

சோலையப்பனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் யூனிட்டில் ஒரு விஷயம் பரவ வாய் வேண்டியதில்லை. டீ கொண்டு போனபோது என்னிடம் சொன்னார்: "தம்பி, போன வருசம் ஒரு சீரியல்ல பாதியில அனுப்பிட்டாக. அதுக்கு முந்தி ஒண்ணுலயும் அப்படித்தான். இதுலயும் அனுப்பிட்டாகன்னா அம்புட்டுத்தான். இனிமே எவன் கூப்பிடுவான்? மக வீட்டு வாசல்ல உக்காந்து போற வார பஸ்ஸப் பாக்க வேண்டியதுதான்."

"அதெல்லாம் இல்லண்ணே" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் பரவாயில்லை.

மூத்த மகனாக நடித்தவருக்கு வேறு படப்பிடிப்பு இருந்தது. அவருடைய முகத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு மதியமே அனுப்பிவிட்டோம். வெயில் சாய்வதற்குள் இன்னும் ஒரு டேக் போகலாம் என்றார் அம்மா. விளக்குகளை நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், கூட்டத்துக்காக உட்காரவைத்திருந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக்கார அம்மா, இன்னொருவர் பக்கத்து வீட்டுப் பேச்சி. சோலையப்பன் அவர்களுக்குப் பின்னால் தூணில் சாய்ந்து நின்றார்.

"ஏத்தா பேச்சி, அடுப்பு ரெண்டுல்ல போட்டுருக்காக. பெரியவரு எந்த அடுப்புல திம்பாரு?"

"மூத்தவன் வீட்டுலதான்."

"மூத்தவ போட்டால்ல திங்க. அவ மொகரையப் பாத்தியா?"

"அப்பச் சின்னவ போடுவா."

"சின்னவ மெட்ராசுக்காரி. அவளுக்கே அவ புருசன்தான் வடிச்சுப் போடுவான் போல."

இரண்டு பேரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்கள். கதையில் சின்ன மகன் பெங்களூரில் இருக்கிறான். அதைத் திருத்தலாமா என்று எனக்கு வாய் துறுதுறுத்தது.

அம்மா சோலையப்பனைக் கூப்பிட்டார். எப்போதும் போல மூன்று கேள்வி.

"எங்கிருந்து வர்றீங்க?"

"உள்ளருந்து வாரேம்மா."

"எதுக்கு?"

"மகன்களுக்குப் புத்தி சொல்ல."

"கையில என்ன இருக்கு?"

அவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையேம்மா."

"அப்ப ஏதாவது எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் அம்மா. வாளியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்தாவது டேக். கேமரா ஓடியது. சோலையப்பன் வர வேண்டிய கதவு வழியாக வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ரகுராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வீட்டின் பின்பக்கமிருந்து, கிணற்றடிச் சந்து வழியாக அவர் வந்தார். மார்போடு அணைத்து இரண்டு செங்கல். கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். இன்னொரு செங்கல்லோடு வந்தார். இரண்டு அடுப்புக்கும் நடுவில் இல்லாமல், தள்ளி, மாட்டுத் தொழுவத்துப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, மூன்றையும் கூட்டி அடுப்பாக்கினார். ஒன்று ஆடியது. ஓட்டுச் சில்லு ஒன்றை எடுத்து அண்டை கொடுத்தார்.

மறுபடி எழுந்து போய் ஒரு பானை கொண்டு வந்தார். அது நாங்கள் கொண்டுபோன பானை இல்லை. அடியெல்லாம் கரி பிடித்த அலுமினியப் பானை. பின்னாலிருந்து வீட்டுக்கார அம்மா, "அய்யய்யோ, அது குளிக்க வெந்நி போடுற பானையில்ல" என்றது ஒலிப்பதிவில் விழுந்துவிட்டது. பிறகு அதை அழிக்க ரொம்பச் சிரமப்பட்டோம். நான் அம்மாவைப் பார்த்தேன். கண்ணாடி கண்ணில்தான் இருந்தது.

பானையில் தண்ணீர் ஊற்றினார். அரிசி இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மூத்த மருமகளாக நடித்தவரின் அருகில் போய், சுளகிலிருந்து ஒரு கை அரிசி எடுத்தார். கேட்டு எடுக்கவில்லை, திருடியும் எடுக்கவில்லை. அந்த நடிகைக்கு எதுவும் தெரியாது. அவர் முதலில் சுளகைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தார். பிறகு பார்க்காமலே பெரியவர் பக்கம் தள்ளினார். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல அது. அடுத்து இளைய மருமகளின் சுளகிலிருந்து ஒரு கை. அந்தப் பெண் சின்ன வயது, புது நடிகை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகு குலுங்க அழுதுவிட்டது. இரண்டு கை அரிசியையும் பானையில் போட்டார். பக்கத்தில் கிடந்த சுள்ளியைச் செருகிப் பற்றவைத்துக் குனிந்து ஊதினார். புகை கிளம்பியது. இருமினார். எங்களுக்கு முதுகைக் காட்டி, வீட்டுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பக்க வசனத்தில் ஒரு எழுத்துகூட வரவில்லை.

அம்மா ரொம்ப நேரம் கழித்துத்தான் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றித் துடைத்துக்கொண்டார். விளக்குக்காரர் ஒருவர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. சோலையப்பன் எழுந்து வந்து, "மன்னிச்சிரும்மா. வசனம் வரல. கையில ஏதாச்சும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னீகளேன்னு பாத்தேன். செங்கல்தான் கெடந்துச்சு" என்றார்.

"இனிமே இந்த நாடகத்துல உங்களுக்கு வசனம் கிடையாதுண்ணே" என்றார் அம்மா. அவர் அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டார். அம்மா கையைப் பிடித்து விளக்க வேண்டியிருந்தது.

எனக்கு அந்த நேரத்தில் வந்த கவலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பானை மூன்று. செங்கல் ஒன்பது. முதல் நாள் எடுத்த சாப்பாட்டுக் காட்சி இதற்குப் பிறகு வரவேண்டியது. அதில் பானை இரண்டு, செங்கல் ஆறு. திரும்ப எடுக்க மூத்த மகன் இல்லை. நான் நோட்டோடு அம்மாவிடம் ஓடினேன். ஒரு யோசனையும் வைத்திருந்தேன். "ஒரு சின்ன ஷாட் போதும்மா. இளைய மருமகள் துணியைப் பிடித்துப் பானையை இறக்கி, தன் அடுப்புப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறாள். கை மட்டும் தெரிந்தால் போதும். கணக்கு நேராகிவிடும்."

அம்மா யோசித்தார். என் பேச்சை அவர் தட்டிவிட்டதே இல்லை. இதையும் முழுக்க யோசித்தார். பிறகு சொன்னார்: "சின்னவள் எடுத்தான்னு காட்டினா அவள் நல்லவள். மூத்தவள் கெட்டவள். விஷயம் முடிஞ்சு போச்சு, எல்லாரும் தூங்கப் போயிடுவாங்க. யார் எடுத்தாங்கன்னு காட்டாம விடுவோம் தங்கவேல். பாக்கிற வீட்டுல எல்லாம் யாராவது ஒருத்தர் கேக்கட்டும்."

"தப்புன்னு சொல்வாங்கம்மா."

"சொல்லட்டும். நீங்களும் சொல்லுங்க. அதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கேன்."

இந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். மூன்றாவது பானையை நான் பார்க்காமல் விடவில்லை. பார்த்தேன், எண்ணினேன், சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, தெரிந்தே விட்டார். நாடகம் ஒளிபரப்பான வாரம் நான் அருப்புக்கோட்டையில் இருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில், எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர், "மூத்தவதாம்லே தூக்கிருப்பா, சுளகத் தள்ளுனா பாரு, அப்பவே மனசு மாறிட்டா" என்றார். "போங்கண்ணாச்சி, அழுதது சின்னவ. தள்ளுனவளுக்கு வேற வேலையில்ல பாரு" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒருவர், "ரெண்டு பேரும் இல்ல. மகன்தான் தூக்கிருப்பான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் படப்பிடிப்பு நாளன்று மாலை வரை அந்தத் தப்பு நிலைக்குமா என்றே தெரியாமல் இருந்தது. ரகுராமனுக்கும் காட்சி பிடித்துவிட்டது. பிடித்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. "பிரமாதம் மேடம். இதையே வர்றவரை வெச்சு எடுத்துடலாம். இந்தக் கல்லு, அரிசி எல்லாம் அப்படியே. மூத்த மகன் அடுத்த வாரம் ஒரு நாள் வருவார். சாப்பாட்டுக் காட்சியையும் மூணு பானையோட திரும்ப எடுத்தா எல்லாம் சுத்தமா இருக்கும்" என்றார்.

"இது சோலையண்ணன் செஞ்சது" என்றார் அம்மா.

"ஒத்துக்கறேன். நாளைக்கு இன்னும் நாலு சீன் இருக்கு. நாளைக்கும் செங்கல் எடுத்துட்டு வருவாரா? நான் மேல பதில் சொல்லணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார். இப்ப இருக்கறது தப்பா இல்லையா?"

"தப்புதான்" என்றேன். வேறு என்ன சொல்வது? மூன்று மூன்றுதான், இரண்டு இரண்டுதான். ஆனால் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கணக்கு நேராகிவிடுமோ என்று பயந்தேன். அவர் சொன்னபடி செய்தால் எல்லாப் பானையும் அதனதன் இடத்தில் இருக்கும். சோலையப்பன் மட்டும் இருக்க மாட்டார்.

பொழுது இறங்கும் நேரத்துக்குக் கார் வந்தது. இறங்கியவரைப் பார்த்ததும் ஊர்ப் பெண்கள், "இது ஜட்ஜுல்ல" என்றார்கள். படங்களில் நீதிபதியாக வருகிற முகம். பெயர் வைத்தியலிங்கம். யாருக்குப் பதிலாக வருகிறோம் என்று அவரிடம் சொல்லப்படவில்லை. ரகுராமன் அவரை நேராக மானிட்டர் முன் உட்காரவைத்து அந்தக் காட்சியை ஓடவிட்டார். "இதே மாதிரி, கொஞ்சம் வேகமா" என்றார்.

வைத்தியலிங்கம் முழுவதையும் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்து முடித்துவிட்டு, "இவுக இங்கதான் இருக்காகளா?" என்று கேட்டார்.

சோலையப்பன் முற்றத்தில், நாடகத்துக்காக வைத்த பொங்கலை யூனிட்டுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க அவருக்கு வராது. நிமிர்ந்து பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏலே வைத்தி, நீயா?"

"நான்தாண்ணே."

"எங்க இந்தப் பக்கம்? வா, பசியோட வந்திருப்ப. உக்காரு." ஒரு இலைத்துண்டைப் போட்டுப் பொங்கலை வைத்தார். எங்களிடம், "இவன் எங்க செட்டுல பபூன். நான் ராஜபார்ட். மேடையில என்னைய இவன் பேசுன பேச்சுக்கு ஒரு நாள் நெசமாவே அடிச்சுப்புட்டேன்" என்றார்.

"இந்தப் பல்லுதாண்ணே" என்று வாயைத் திறந்து ஓர் இடைவெளியைக் காட்டினார் வைத்தியலிங்கம். எல்லோரும் சிரித்தோம். அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு கவளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கை கழுவிவிட்டு ரகுராமனிடம் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், தப்பா எடுத்துக்கிறப்படாது. நாளைக்கு எனக்குத் திண்டுக்கல்ல வேற ஷூட்டிங் இருக்கு. சுத்தமா மறந்துட்டேன்."

"போன்ல நாலு நாள் ஃப்ரீன்னு சொன்னீங்களே?"

"அதத்தான் சொல்றேன். மறந்துட்டேன். வயசாகுதுல்ல சார்."

ரகுராமன் அவரையே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா வாளியில் உட்கார்ந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற யாரையும் இந்நேரத்துக்குக் கூப்பிட முடியாது" என்று ரகுராமன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி, நாளைக்குப் பார்ப்போம்."

டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் வைத்தியலிங்கத்தின் சாமான்களை நான்தான் திரும்ப ஏற்றினேன். ஒரு பெட்டி, ஒரு பை, உறை போட்ட தலையணை, வெந்நீர் வைக்கிற கரண்டுக் கம்பி, இஸ்திரி போட்டு நூல் கட்டிய நாலு வேட்டி. மறுநாள் திண்டுக்கல்லில் வேலை இருக்கிறவர் எம்.ரெட்டியபட்டிக்குத் தலையணை கொண்டு வர மாட்டார். அந்த வருடம் அவரும் வேலையில்லாமல்தான் இருந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் ரகுராமனிடம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சோலையப்பனிடமும் அதே மறதியைச் சொல்லி விடைபெற்றார் வைத்தியலிங்கம். கார் திரும்பிப் போனது. சோலையப்பன் வாசல் வரை வந்து நின்று பார்த்தார். பின்விளக்கு மறைந்த பிறகு என் பக்கம் திரும்பி, வருத்தமாகச் சொன்னார்:

"நல்ல பய தம்பி. இந்த வயசுலயே மறதி வந்துருச்சு பாரு. இனி அவன எவன் கூப்பிடுவான்?"